பதினோராவது துணி

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கணக்கம்மா. ஏழு வருஷமாக அங்கே நர்ஸ். ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் கைக்குக் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வதும் அவள் வேலைதான். எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவாள், பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னலை எண்ணுவாள். "இவளைக் கட்டிக்கப் போறவன் காலையில தலைமுடியை எண்ணிக் கொடுத்துட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று டாக்டரம்மா கிண்டல் செய்வார்.

வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிக்கு அங்கே மாப் என்று பேர். ரத்தத்தில் ஊறிவிட்டால் சுருண்டு போய், சதைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் இவ்வளவு எண்ணிக்கை. கட்டுக்கு ஐந்து துணி. பயன்படுத்தியதை வாளியில் போட்டால், தியேட்டரில் வெளிவேலை பார்க்கிற நர்ஸ் அதை இடுக்கியால் எடுத்து, பத்துக் கொக்கி உள்ள ஸ்டாண்டில் கொக்கிக்கு ஒன்றாக மாட்டுவார். இரண்டு கட்டு பிரித்திருந்தால் பத்துக் கொக்கியும் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால் கணக்கு சரி, தைக்கலாம்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையே அவள் லீவில் இருந்திருக்க வேண்டியவள். தியேட்டரில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள், அரை நாள்தானே என்று போய்விட்டாள். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு வருகிற வினை இப்படித்தான் வரும்.

அன்றைக்கு மேஜையில் படுத்திருந்தவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அக்கா. கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கணக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் கல்யாணமாமே உனக்கு? முன்னாடியே சொல்லியிருந்தா என் வேன்லயே உன் சொந்தக்காரங்களை ஏத்திட்டு வந்திருப்பேனே."

"நீங்க முதல்ல எழுந்து உட்காருங்க அக்கா. அப்புறம் ஓட்டலாம்."

"நல்லபடியா முடிச்சு அனுப்பு. பிள்ளைங்க காத்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வேன் அக்கா தூங்கிப் போனார்.

பாதி ஆபரேஷனில் டாக்டரம்மா, "இது பெருசா இருக்கு, பாதியா வெட்டிக் குடு" என்றார். மாப்பை வெட்டக் கூடாது என்பது விதி. அவள் அரை நொடி தயங்கினாள். "அட, குடும்மா" என்று கை நீண்டது. வெட்டிக் கொடுத்தாள். வெளிவேலையில் நின்ற பெரிய சிஸ்டரிடம், ஒன்று இரண்டாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மயக்க மருந்து டாக்டர், "மாப்பிள்ளை என்ன வேலை?" என்று கேட்டார். "கட்டிங் மாஸ்டர். தையல் கடை" என்று பெரிய சிஸ்டர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "அப்போ அளவெடுத்துத்தான் காதலிப்பார்" என்றார் டாக்டரம்மா. தியேட்டரே சிரித்தது. அவளும் முகமூடிக்குள் சிரித்தாள். கடைசியில் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தாள். பத்துக் கொக்கியும் நிறைந்திருந்தது.

"பத்து. சரி" என்று சொன்னாள். டாக்டரம்மா தைத்தார்.

மறுநாள் ஒரு மாடி ஹாலில் கல்யாணம். பதிவேட்டில் கையெழுத்து, மோதிரம், சாப்பாடு, அவ்வளவுதான். மாப்பிள்ளை ஒல்லியான ஆள். இதற்கு முன் மூன்று தடவை பார்த்திருக்கிறாள், மூன்று தடவையும் அவர் "நீங்க சொல்லுங்க" என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. மோதிரம் போடும்போது அவர் கட்டைவிரல் ஓரத்தில் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்ததைப் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோக்காரர், பெண் வீட்டார் பதினாலு பேரும் மேடைக்கு வரச் சொன்னார். அப்பா விரலை நீட்டி எண்ணினார். "பதினாலு. சரி, எடுங்க." எடுத்து முடித்த பிறகு சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னை விட்டுட்டா எடுத்தீங்க?"

"நீ இருந்தியேடா. நான் எண்ணினேன், பதினாலு."

"நான் கை கழுவப் போயிருந்தேன் அண்ணே."

போட்டோக்காரர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். பின்வரிசையில், சித்தப்பா நிற்க வேண்டிய இடத்தில், மைக் செட்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். வயரைச் சரிசெய்ய மேடை ஏறியவரை யாரோ இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. எண்ணிக்கை சரி, ஆள் இல்லை.

அவளுக்கு வெட்டிய துணி ஞாபகம் வந்துவிட்டது. பத்துத் துணியில் ஒன்றை இரண்டாக வெட்டினால் பதினொன்று. ஸ்டாண்டில் இருந்தது பத்து. அப்படியானால் ஒன்று எங்கே? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் கணக்கு. ஏழு வருஷமாகக் கணக்கம்மா என்று பேர் வாங்கியவளுக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. வெட்டிய இரண்டு பாதியையும் பெரிய சிஸ்டர் ஒரே கொக்கியில் சேர்த்து மாட்டியிருக்க வேண்டும். அப்படி மாட்டியிருந்தால் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இல்லையென்றால் ஒன்று வேன் அக்காவின் வயிற்றுக்குள் இருக்கிறது. போய்ப் பார்க்கவும் முடியாது, அந்தத் துணிகளெல்லாம் அன்று மாலையே எரிக்கப் போயிருக்கும்.

பெரிய சிஸ்டர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கை கழுவும் இடத்தில் அவரை மடக்கினாள்.

"சிஸ்டர், நேத்து ஒரு மாப்பை வெட்டினேனே, அந்த ரெண்டு துண்டையும்…"

"ஒரே கொக்கியிலதான் மாட்டினேன். போதுமா? கல்யாணத்தன்னைக்கு என்ன பேச்சு இது. முகத்தைத் துடைச்சிட்டு மேடைக்குப் போ."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் அவளைக் குடைந்தது. பெரிய சிஸ்டருக்கு ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம். மேடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் தேன்நிலவுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஐந்து மணி நேர பஸ் பயணம், ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதி, மூன்று நாள். மாப்பிள்ளை தன் கையால் தைத்த இரண்டு சட்டைகளைப் பெட்டியில் வைத்திருந்தார். அவளுக்கும் ஒரு பூப்போட்ட மேல்சட்டை. "அளவு கேட்கக் கூச்சமா இருந்தது. கண்ணாலயே பார்த்துத் தைச்சேன்" என்றார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரித்துப் பார்க்கவில்லை. அவர் முகம் வாடியதை அவள் கவனிக்கவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல்கள் இருபத்திரண்டு.

சனிக்கிழமை காலை, துண்டு காயப்போடுகிற சாக்கில் விடுதியின் பின்பக்கம் போய் வார்டு நர்ஸுக்கு போன் செய்தாள். கூடப் படித்தவள், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்னடி, தேன்நிலவுல உனக்கு வார்டு ஞாபகமா?"

"சும்மாதான். வேன் அக்கா எப்படி இருக்காங்க?"

"நேத்து எழுந்து நடந்தாங்க. இன்னைக்குக் கொஞ்சம் காய்ச்சல், நூறு. எல்லாருக்கும் வர்றதுதானே. போனை வை, அவர் தேடப் போறார்."

எல்லோருக்கும் வருவதுதான். நூறு பேருக்கு வரும், தொண்ணூற்றொன்பது பேருக்குத் தானாகப் போய்விடும். அதை அவளே எத்தனை உறவினர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுக்குச் சொல்ல யாருமில்லை.

படகில் ஏறும்போது மாப்பிள்ளை கை கொடுத்தார். தோளில் யாரோ கைவைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்பதுபோல அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவர் படகின் அந்த ஓரம் போய் உட்கார்ந்தார். அன்று அவள் நான்கு தடவை எழுந்து போய்ப் போன் பேசினாள். திரும்பி வரும்போதெல்லாம் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அதையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

போனை எடுத்து டாக்டரம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குத்தான் நா எழவில்லை. சொன்னால் வேலை போகும், இனி எந்தத் தியேட்டரிலும் நிற்க முடியாது, பெரிய சிஸ்டரும் மாட்டுவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும், அது தெரியாத நர்ஸ் கிடையாது. பெரிய சிஸ்டர் சேர்த்துத்தான் மாட்டினார், சேர்த்துத்தான் மாட்டினார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் போனைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வார்டு நர்ஸ் தானாகவே கூப்பிட்டாள். "நீ கேட்டுக்கிட்டே இருந்தியேன்னு சொல்றேன். வயிறு உப்பியிருக்கு. ரெண்டு தடவை வாந்தி. டாக்டரம்மா வாயுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அவள் ஏரிக்கரை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவளுக்கும் தனக்கும் நடுவே வைத்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். மனப்பாடம் செய்து வைத்திருந்தது தெரிந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. என்னைப் பார்த்தா நீங்க நடுங்கறீங்க. நான் யாரையும் பயமுறுத்தி வாழ்ற ஆள் இல்லை. உங்க அப்பாகிட்ட நானே பேசறேன். பழியை என் மேலயே போட்டுக்கறேன்."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் இரண்டு நாளாக இதைச் சுமந்துகொண்டா டீ வாங்கித் தந்தார்?

"உங்களைப் பார்த்து இல்லைங்க" என்றாள். பிறகு வெட்டிய துணி, பத்துக் கொக்கி, மைக் செட்காரர், பெரிய சிஸ்டர், வாந்தி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைக்கத் தெரியவில்லை. உடனே அது போய்விட்டது.

"நாங்க ஒரு துணியை வெட்டினா ரெண்டு துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, நம்பர் சீட்டுக் குத்திடுவோம்" என்றார். "இல்லைன்னா ஒருத்தர் சட்டையில இன்னொருத்தர் கை போய்ச் சேர்ந்துடும். அந்த சிஸ்டர், எத்தனாவது கொக்கியில மாட்டினாங்கன்னு சொன்னாங்களா?"

"இல்லை."

"நிஜமா மாட்டினவங்க கொஞ்சமாவது யோசிச்சுத்தான் சொல்வாங்க." பிறகு, "அந்த அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"சொந்தத்துல ஒண்ணு. வேன்ல இருபத்திரண்டு."

"அடுத்த பஸ் எப்போன்னு கேட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள நீ டாக்டர்கிட்டப் பேசிடு" என்று எழுந்தார். முதல் தடவையாக நீ என்று சொன்னார், அவருக்கே தெரியாமல்.

டாக்டரம்மா முழுவதும் கேட்டார். "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு குரல் மாறியது. "வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லலை? இரு. படம் எடுக்கச் சொல்றேன்."

பஸ் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் போன் வந்தது. "எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு. நீயும் பயந்து என்னையும் பயமுறுத்திட்டே. போய் நிம்மதியா இரு."

அவள் உடம்பிலிருந்து இரண்டு நாள் பாரம் இறங்கிப் போயிற்று. மாப்பிள்ளை ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார், அவள் ஆறு பிஸ்கட் தின்றாள். மைக் செட்காரரை நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுத்த ஊரில் இறங்கித் திரும்பவும் ஏரிக்கே போய்விடலாமா என்று அவர் கேட்டார், போகலாம் என்றாள். கைப்பையில் மடித்து வைத்திருந்த பூப்போட்ட மேல்சட்டையை அப்போதுதான் விரித்துப் பார்த்தாள். தோள், இடுப்பு, எல்லாம் கச்சிதமாக இருக்கும் போலிருந்தது. "கை ஓரத்தை மட்டும் இன்னும் மடிச்சுத் தைக்கலை. நேரமில்லை. ஒரு பக்கம்தான் முடிஞ்சது" என்று அவர் காட்டினார்.

ஒரு பக்கம்தான். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

எக்ஸ்ரேயில் தெரிவதற்காக மாப்பில் ஒரு நீல நூல் உண்டு. அவர்கள் ஆஸ்பத்திரி வாங்குகிற மாப்பில் அது துணி முழுக்க ஓடாது, ஒரு ஓரத்தில் மட்டும் வைத்துத் தைத்திருக்கும். பாதியாக வெட்டினால் ஒரு பாதிக்குத்தான் நூல். இன்னொரு பாதி வெறும் துணி, படத்தில் விழாது. மாப்பை வெட்டக் கூடாது என்று விதி எழுதியவர் சும்மா எழுதவில்லை.

முதல் தடவை சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. முதலில் அவளைக் காப்பாற்ற யாருமில்லை. இப்போது எக்ஸ்ரே இருந்தது, டாக்டரம்மா இருந்தார், பிஸ்கட் இருந்தது, திரும்பிப் போக ஏரி இருந்தது. எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு ஒருத்தி மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டும். நம்பரை அழுத்தினாள்.

"உனக்கு என்னதாம்மா வேணும்?" என்றார் டாக்டரம்மா.

"ஸ்கேன் எடுங்க மேடம். நூல் இல்லாத பாதியா இருந்தா எக்ஸ்ரேயில தெரியாது."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஸ்கேன் எடுப்பாரா, மாட்டாரா என்று தெரியாமலே மிச்சமிருந்த மூன்றரை மணி நேரமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியோடு இறங்கி உள்ளே ஓடியபோது தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அவளை உள்ளே விடவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவுக்கு வெளியே, உறவினர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வேன் அக்காவின் மகள் அம்மாவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க இவளுக்குத் துணிவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய சிஸ்டர் வெளியே வந்து, அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"பாதி" என்றார். "நூல் இல்லாத பாதி. எடுத்தாச்சு. குடல்ல ஒட்ட ஆரம்பிச்சிருந்தது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா…" முகமூடியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஞாபகமே இல்லைடி. அன்னைக்கு உன் முகத்தைப் பார்த்து, வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

அவளால் பெரிய சிஸ்டரைத் திட்ட முடியவில்லை. அவளே இரண்டு ராத்திரி அதே பொய்யைத் தலையணையாக வைத்துத்தானே படுத்திருந்தாள்.

விசாரணையெல்லாம் பிறகு வந்தது. டாக்டரம்மா மறைக்கவில்லை, வெட்டச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். கணக்கம்மாவை ஒரு வருஷம் தியேட்டரிலிருந்து எடுத்து வார்டில் போட்டார்கள். அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் பயமில்லை. பயந்தது ஒரே ஒரு காரியத்துக்கு, இரண்டாவது ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அதைச் செய்தாள். வேன் அக்கா தலையணையில் சாய்ந்து உட்காருகிற அளவுக்குத் தேறியிருந்தார்.

"கல்யாணப் பொண்ணு, ஊர் சுற்றப் போகலையா?" என்று கேட்டார்.

அவள் நின்றபடியே சொன்னாள். எதையும் விடவில்லை. எண்ணியது நான்தான், வெள்ளிக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைதான் வாயைத் திறந்தேன் என்பது வரை சொன்னாள்.

வேன் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்விடலாமா என்று அவள் நினைத்தபோது குரல் வந்தது.

"நான் தினமும் இருபத்திரண்டு பிள்ளைங்களை இறக்கி விடறேன். எல்லாம் இறங்கினதும் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் வண்டியை நிறுத்திட்டுக் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய்க் குனிஞ்சு பார்ப்பேன். ஏதாவது ஒரு குழந்தை தூங்கிக்கிட்டிருக்கலாம். பதிமூணு வருஷத்துல ரெண்டு தடவை இருந்திருக்கு."

"தெரியுது அக்கா."

"நீயும் திரும்பி வந்து பார்த்தே. இல்லைங்கலை." வேன் அக்கா இப்போது அவளை நேராகப் பார்த்தார். "ஆனா பூட்டின வண்டிக்குள்ள பிள்ளை மூணு நாள் இருந்திருக்கு."

பிறகு தண்ணீர் கேட்டார். அவள் ஊற்றிக் கொடுத்தாள், டம்ளரை வாங்கும் வரை அங்கேயே நின்றாள்.